இருபத்தெட்டாவது புடவை

4 மார்ச் 2024, திங்கள்

அப்பா இன்று காலை ஆறு இருபதுக்குப் போனார்.

போனார் என்று எழுதிவிட்டேன். எங்கே போவது? இறந்தார். எழுபத்திரண்டு வயது, சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன, இறந்தார். அவர் மகள் இப்படித்தான் எழுத வேண்டும்.

நர்ஸ் என் முகத்தைப் பார்த்துப் பார்த்துப் போனாள். கடைசியில் கேட்டேவிட்டாள், "அழுகை வரலியாக்கா?" வரவில்லை. உயிர் என்று தனியாக ஒன்று கூட்டிலிருந்து பறப்பதில்லை, போய்ச் சேர ஓர் ஊரும் இல்லை என்று எனக்குச் சொல்லி வளர்த்தவரே அந்தக் கட்டிலில் படுத்திருந்தார். அவர் முன்னால் அழுதால் அவருக்குத்தான் அவமானம்.

நேற்று சாயங்காலம் கடைசியாக என்னிடம் பேசினார். "ஆமாம்மா" என்றார். எதற்கு என்பதை எழுத வேண்டியதில்லை.

5 மார்ச், செவ்வாய்

அடக்கம் முடிந்தது. கோலார் தங்கவயலில் எங்களுடையது நான்கு தலைமுறை பௌத்தக் குடும்பம். பஞ்சசீலம் சொல்லி, மண் போட்டு, கை கழுவிக்கொண்டு வந்தோம். வைண்டர் போதிராஜ் என்றால் சுரங்கத்து ஆட்களுக்கெல்லாம் தெரியும். ஆட்களை இறக்குகிற, ஏற்றுகிற இன்ஜினை முப்பது வருஷம் ஓட்டியவர். நிறையப் பேர் வந்திருந்தார்கள்.

அப்பா எழுதி வைத்திருந்த தாளை வாசலில் நின்று எல்லார் முன்னாலும் படித்தேன். "படையல், திதி, காக்கைக்குச் சோறு எதுவும் கூடாது. ஏழாம் நாள் பிக்குவுக்கு உணவு தரவும். மற்றதை விசாகா பார்த்துக்கொள்வாள்." கடைசி வரியைப் படிக்கும்போது குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. பெருமைதான், ஒத்துக்கொள்கிறேன்.

குடியாத்தத்திலிருந்து வந்த சுலோச்சனா அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, மார்பில் அடித்துக்கொண்டாள். "பதினாறாம் நாளு ஒரு எலை கூட போடமாட்டியாடி? எங்க அண்ணன் பசியோட போவணுமா?" என்றாள். அத்தை வாழ்க்கைப்பட்ட வீட்டில் படையல், திதி எல்லாம் உண்டு. அவளிடம் வாதாடிப் பயனில்லை. "உங்க ஊட்ல என்ன வேணா செஞ்சுக்கோ அத்தை. இங்க கூடாது" என்று சொல்லிவிட்டேன்.

எனக்கு இதெல்லாம் பன்னிரண்டு வயதிலேயே புரிந்துவிட்டது. அம்மா மஞ்சள்காமாலையில் இறந்து ஒரு வருஷம் ஆன அன்று, 1997 பிப்ரவரியில், அவள் போட்டோவுக்கு முன்னால் ஒரு தட்டில் சோறும் கருவாட்டுக் குழம்பும் வைத்தேன். நானே செய்தது, உப்பு கரித்தது. அப்பா வந்து தட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "செத்தவங்க சாப்பிட மாட்டாங்க. உயிரோட இருக்கறவ சாப்பிடு" என்றார். பக்கத்தில் நின்று கடைசிப் பருக்கை வரை சாப்பிட வைத்தார். அழுதுகொண்டேதான் தின்றேன். ஆனால் அன்றோடு தெளிந்தது. அதன் பிறகு நான் அழுததாக ஞாபகம் இல்லை.

அந்த வாக்கியத்தை வைத்துக்கொண்டுதான் இந்த வீட்டையே நடத்தினேன். ஆறு வருஷத்துக்கு முன்னால் மாமியார் தவறியபோது, இங்கே படையல் கூடாது என்று என் கணவர் தயாளனிடம் அதையே சொன்னேன். நாத்தனார் அன்றைக்கு விட்ட பேச்சு இன்னும் சேரவில்லை. தயாளன் வருஷத்துக்கு ஒரு நாள் பங்காருப்பேட்டையில் அவர் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு, நெற்றியை நன்றாகத் துடைத்துக்கொண்டு திரும்பி வருவார். நான் எதுவும் கேட்டுக்கொள்வதில்லை.

10 மார்ச், ஞாயிறு

ஏழாம் நாள். திருப்பத்தூரிலிருந்து பந்தே சுமேதர் வந்தார். பிக்கு ஆவதற்கு முன் அரசு பஸ் டிரைவராக இருந்தவர். அப்பாவுக்குப் பழக்கம். சாதம், பருப்பு, பீன்ஸ் பொரியல், பாயசம். சூத்திரம் ஓதி முடித்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அப்பா உன்கிட்ட எதுனா சொன்னாராம்மா?"

"எல்லாம் எழுதியே வெச்சிட்டாரு பந்தே. தாளைக் காட்டட்டுமா?"

"வேணாம், வேணாம்" என்றார். தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்பிவிட்டார்.

13 மார்ச், புதன்

வேலைக்குத் திரும்பினேன். இரண்டரை மணி நேர ரயில், பிறகு பெங்களூர் கண் ஆஸ்பத்திரி. "இந்தக் கண்ணாடியில தெளிவா தெரியுதா, இதுலயா?" என்று நாற்பத்தொரு பேரைக் கேட்டேன்.

17 மார்ச், ஞாயிறு

அப்பாவின் பீரோவை ஒழித்தேன். சட்டைகளுக்கு அடியில், கடைப் பை கூடப் பிரிக்காமல், ஒரு புதுப் புடவை! மயில்கழுத்து நிறம், மெல்லிய ஜரிகை. பையில் ராபர்ட்சன்பேட்டைக் கடை ரசீது. தேதி பிப்ரவரி 8. ஆஸ்பத்திரியில் சேர்வதற்கு இரண்டு நாள் முன்பு, கால் இரண்டும் வீங்கி, செருப்பு நுழையாத நேரம். தனக்கு வேட்டி எடுக்கக்கூட என்னை அனுப்புகிற மனிதர், அந்தக் காலோடு கடைவீதிக்குப் போய் யாருக்குப் புடவை எடுத்தார்?

எனக்கு இல்லை. என் பிறந்தநாளுக்கு அவர் புத்தகம்தான் வாங்குவார். நடுவில் ஒரு அரை மணி நேரம் அசிங்கமாகக்கூட யோசித்தேன். பௌத்த சங்கத்துக்கு வருகிற பெண்களை ஒவ்வொருவராக மனதில் நிறுத்தி, இவளா, அவளா என்று பார்த்தேன். மனம் ஒரு குரங்கு என்பது சும்மாவா.

"அத்தைக்கு எடுத்திருப்பாரு. வேற யாரு கீறாங்க அவருக்கு?" என்றார் தயாளன். அதுதான் சரி. அத்தை எப்போது பார்த்தாலும் அண்ணன் எடுத்த புடவை என்று ஒன்றைக் காட்டுவாள்.

செவ்வாய்க்கிழமை பதினாறாம் நாள். அவள் வீட்டில் எப்படியும் படைப்பாள். அதில் கலந்துகொள்ளாமல், புடவையை மட்டும் கொடுத்துவிட்டு வரலாம்.

19 மார்ச், செவ்வாய்

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

பத்து மணிக்குக் குடியாத்தம் போய்ச் சேர்ந்தேன். அத்தை நடுவீட்டில் இலை போட்டிருந்தாள். சுவரோரம் இரண்டு போட்டோ. ஒன்று அப்பா. இன்னொன்று அம்மா.

அம்மாவின் அந்தப் போட்டோ எங்கள் வீட்டில் இருந்தது. நான் தட்டு வைத்த அதே போட்டோ. அதற்கடுத்த வாரம் சுவரில் காணோம். கேட்டதற்கு, கரையான் அரித்துவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டேன் என்றார் அப்பா. கரையானாவது மண்ணாவது! சட்டம்கூட அதே சட்டம். கண்ணாடியில் குங்குமம் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வைத்துத் தடித்துப்போயிருந்தது.

நான் வாய் திறப்பதற்குள் அத்தை என் கையிலிருந்த பையைப் பிரித்துவிட்டாள். "வாங்கி வெச்சினு இருந்தாரா! இந்த வருசம் மறந்துட்டாருன்னு இல்ல நெனச்சேன்" என்று சொல்லிக்கொண்டே, புடவை முனையில் குங்குமம் தொட்டு அம்மா முன்னால் வைத்தாள்.

"இன்னா பண்ற அத்தை? அது உனக்கு எடுத்தது."

"எனக்கு இன்னாத்துக்குடி எடுக்கறாரு? இது உங்கம்மாளுது. வருசா வருசம் மாசியில வந்து படைச்சிட்டுப் போவாரு. அவரே கறி வாங்கினு வருவாரு, அவரே கருவாட்டுக் கொழம்பு வெப்பாரு, என்னை அடுப்பாண்ட சேத்துக்க மாட்டாரு. உனக்குத் தெரியாதுன்னு தெரியும். இன்னைக்கு நீயே பொடவையோட வந்ததும், கடைசியில சொல்லிட்டாரு போலன்னு நெனச்சேன்டி."

"எத்தினி வருசமா?"

"மொதல் திதியிலேர்ந்து."

மாசியில் திருப்பத்தூரில் சங்கக் கூட்டம் என்று வருஷம் ஒரு நாள் கிளம்புவார். நான்தான் சட்டை தேய்த்துக் கொடுப்பேன். முதல் திதி என்றால், நான் தட்டு வைத்த அன்று. எனக்குச் சோற்றை ஊட்டாத குறையாகத் தின்ன வைத்துவிட்டு, மத்தியான பஸ் ஏறி இங்கே வந்து, தானே ஓர் இலை போட்டு, அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்.

"படைச்ச பொடவைய பொண்ணுதான் கட்டணும்" என்றாள் அத்தை. "ஊட்டுக்கு எடுத்துனு போனா நீ கேப்பன்னு என்னைக் கட்டிக்கச் சொல்லிட்டாரு. இருவத்தேழு பொடவைடி. நான் ஒண்ணும் ஆசப்பட்டுக் கேக்கல."

என் கல்யாணத்துக்கு அத்தை இலைப்பச்சையில் கடுகு நிறக் கரை போட்ட புடவை கட்டி வந்தாள். "ரொம்ப நல்லாருக்கு அத்தை, யாரு எடுத்தது?" என்று அதன் முந்தானையைத் தடவிப் பார்த்தேன். அது என் அம்மாவின் புடவை. அப்பா நாலடி தள்ளி நின்று மாலையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

கத்தினேன். என்னென்னவோ கத்தினேன். அவருக்கு மட்டும் பொண்டாட்டி, எனக்கு அம்மா இல்லையா என்று கேட்டேன்.

அத்தையும் விடவில்லை. "கத்தாதடி. உங்கம்மா செத்து ஒரு வருசம் நீ இன்னா பண்ணிக்கினு இருந்த தெரியுமா? பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசல் கேட்டாண்ட குந்திக்குவ. அம்மா வருவா, வந்தாத்தான் சாப்புடுவேன்னுவ. எலும்பும் தோலுமா கெடந்த. பைத்தியம் புடிச்சுடும்னு நம்ம லைன் வீடெல்லாம் பேசிச்சு. அதுக்குத்தான் ஒரே போடா போட்டாரு, அவ இல்ல, எங்கயும் இல்ல, வரமாட்டான்னு. மறுநாளே நீ சாப்புட்ட. அப்பறம் எப்பிடி மாத்திச் சொல்லுவாரு?"

"இருவது வயசுல சொல்லியிருக்கலாம். முப்பதுல சொல்லியிருக்கலாம்."

"நீ மேடையேறிப் பேச ஆரம்பிச்சிட்ட. செத்தா ஒண்ணும் இல்லன்னு பேசிட்டு எறங்கி, 'சரியா சொன்னனாப்பா'ன்னு கேப்பியாமே. இங்க குந்திக்கினு அழுவாரு, என் பொண்ணு நான் சொன்ன பொய்ய என்னைவிட நல்லா சொல்லுதுன்னு."

இலையில் எல்லாம் ஆறிப்போயிருந்தது. புடவையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அத்தை தெருமுனை வரை பின்னாலேயே வந்து, "சாப்டுட்டுப் போ கண்ணு" என்றாள். திரும்பிப் பார்க்கவில்லை.

20 மார்ச், புதன்

அவர் கொடுத்த புத்தகங்களை எல்லாம் மூட்டை கட்டிப் பரணில் போட்டேன். ஏழு மூட்டை.

7 ஏப்ரல், ஞாயிறு

எழுத வேண்டியதில்லை என்று அன்றைக்கு எழுதியதை இன்றைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 3, சாயங்காலம். அப்பா கண்ணைத் திறந்து, "தேதி இன்னாம்மா?" என்றார். சொன்னேன். "மாசி முடியப் போவுது. உங்கம்மா பசியோட கீறா" என்றார். "சுலோச்சனாவ வரச்சொல்லு, ஒரு விஷயம் பேசணும்."

மருந்தின் குழப்பம் என்று நினைத்தேன். கடைசி நேரத்தில் அப்பா தடுமாறக் கூடாது, ஊரார் கேட்டால் சிரிப்பார்கள் என்றும் நினைத்தேன். குனிந்து அவர் காதருகே, தெளிவாக, அவர் கற்றுக்கொடுத்த அதே குரலில் சொன்னேன்: "அப்பா, செத்தவங்க சாப்பிட மாட்டாங்க."

என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஆமாம்மா" என்றார். சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார். அதன் பிறகு பேசவில்லை.

என் மேல் தப்பு இல்லை. எனக்கு என்ன தெரியும்? நான் அவர் சொன்னதைத்தான் சொன்னேன்.

14 ஏப்ரல், ஞாயிறு

சங்க விழாவில் மேடையேறிப் பேசக் கூப்பிட்டார்கள். தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

28 ஏப்ரல், ஞாயிறு

திருப்பத்தூர் போனேன். பந்தே விகாரை வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வணங்கக்கூட இல்லை. நேராகக் கேட்டேன். "உங்களுக்குத் தெரியும்தானே?"

"தெரியும்மா. பதினோரு வருசமா தெரியும்."

"செத்தா ஒண்ணும் இல்லன்னு நம்ம மதம் சொல்லுது. அப்பறம் எதுக்கு இலை?"

அவர் ஒரு நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. "ஒண்ணும் இல்லன்னு பகவான் எங்கம்மா சொன்னாரு?" என்றார். "மாறாத ஆத்மா ஒண்ணு கூடு விட்டுக் கூடு பாயுதுன்னு சொல்றத ஏத்துக்கல. செத்ததோட எல்லாம் முடிஞ்சிச்சின்னு சொல்றதையும் ஏத்துக்கல. செஞ்ச வினை தொடருது. ஆசை தொடருது. அது இன்னொரு பொறப்பா வருது. அவரும் இல்ல, வேற ஆளும் இல்ல. டிப்போவுல டிரைவர் மாறினாலும் வண்டி ஓடிக்கினே இருக்குதே, அந்த மாதிரி..."

"பஸ்ஸை விடுங்க பந்தே!"

விட்டுவிட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். ஆசை அறுபடாமல் போனவர்களில் சிலர் பசித்த பிறவியாகப் பிறந்து, தங்கள் பழைய வீட்டுச் சுவருக்கு வெளியிலும் வாசற்காலோரமும் வந்து நிற்பார்களாம். உள்ளே இருப்பவர்கள் தங்களை நினைத்து ஏதாவது தானம் செய்தால், அந்தப் புண்ணியம் அவர்களைச் சேருமாம். இலையில் வைத்த சோறு சேராது, பெயர் சொல்லிச் செய்த தானம் சேரும். அப்பா இவரிடம் வந்து, அம்மா பெயரைச் சொல்லி, கோமளா எங்கே இருப்பாள் என்று கேட்டிருக்கிறார். எனக்குத் தெரியாது, ஆனால் இப்படி ஒரு வழி இருக்கிறது என்று இவர் சொல்லியிருக்கிறார்.

"பொண்ணைக் கூட்டினு வாங்க, ரெண்டு பேரும் சேந்து செய்யுங்கன்னேன். சொல்றேன்னாரு. ஒவ்வொரு வருசமும் சொல்றேன்னாரு. அவரால முடியலம்மா."

எனக்கு அப்போதுதான் கணக்குப் புரிந்தது. பழைய வீட்டுக்குத்தான் வருவார்கள் என்றால் அம்மா எங்கள் வீட்டு வாசலுக்குத்தானே வந்திருப்பாள்? அவள் இங்கே வந்து நின்றிருக்கிறாள், அவர் குடியாத்தத்தில் இலை போட்டிருக்கிறார். உள்ளே நான், அவள் மகள், அவளுக்கென்று வைத்த சோற்றை நானே தின்றுகொண்டு.

இதெல்லாம் உண்மையா என்று எனக்குத் தெரியாது. பந்தேவிடமும் கேட்டேன், நீங்கள் பார்த்தீர்களா என்று. "பாக்கலம்மா" என்றார். ஆனால் உண்மையோ இல்லையோ, பன்னிரண்டு வயதில் எனக்குத் தேவைப்பட்டது இது. நானும் ஏதாவது செய்திருக்கலாம் இல்லையா? வருஷத்துக்கு ஒரு நாள். அதை அவர் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டு, எனக்கு வெறும் சுவரைக் கொடுத்தார்.

"கோவமா கீறியா?" என்றார் பந்தே.

"ஆமாம்."

"அவருக்கு மூணாம் மாச தானம் செய்யணும். வரட்டுமா, வேணாமா?"

வாருங்கள் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று ரயிலில் வழி முழுக்க யோசித்துக்கொண்டு வந்தேன்.

23 மே, வியாழன்

வைசாக பௌர்ணமி. எனக்கு நாற்பது. இந்த வருஷம் புத்தகம் இல்லை. மயில்கழுத்துப் புடவையைக் கட்டிப் பார்த்தேன். கணுக்காலுக்கு மேலேயே நின்றது, அம்மாவைவிட நான் உயரம் போலிருக்கிறது. அவிழ்த்து மடித்து வைத்துவிட்டேன்.

2 ஜூன், ஞாயிறு

மூன்றாம் மாத தானம் முடிந்தது. அத்தையும் வந்திருந்தாள். என்னோடு பேசவில்லை, ஆனால் வெங்காயம் உரித்துக் கொடுத்தாள். பந்தேவும் இன்னும் இரண்டு பிக்குகளும் சாப்பிட்ட பிறகு, என் முன்னால் ஒரு தட்டும் அதில் ஒரு கிண்ணமும் வைத்தார்கள். செம்பிலிருந்து கிண்ணத்தில் நீரை ஊற்றிக்கொண்டே இறந்தவரின் பெயரைச் சொல்ல வேண்டும். நிறைந்து தட்டில் வழிகிற வரை ஊற்ற வேண்டும். இன்றைய புண்ணியம் அவரைச் சேரட்டும் என்று பொருள். நான் இதை ஒரு தடவையும் செய்ததில்லை.

"யாருக்காகம்மா?" என்று பந்தே முறைப்படி கேட்டார்.

"கோமளா" என்றேன். நீர் விழுந்துகொண்டிருந்தது. எல்லாரும் அடுத்த பெயருக்காகக் காத்திருந்தார்கள். அத்தை வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"ராஜாமணி" என்றேன். தயாளனின் அம்மா பெயர். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் சட்டென்று தலை குனிந்துகொண்டார். கிண்ணம் நிறைந்து தட்டில் வழிந்தது. செம்பை நிமிர்த்தி வைத்துவிட்டேன்.

பந்தே ஓதி முடித்துக் கிளம்பினார். அத்தையும் அழுதுகொண்டே பஸ்ஸுக்குப் போனாள்.

எல்லாரும் போன பிறகு, பாத்திரங்களைத் தூக்கிக்கொண்டே தயாளன் கேட்டார். "மாமா பேரைச் சொல்லலியே. மறந்துட்டியா?"

"மறக்கல. நிக்கட்டும்."

"எங்க?"

கையைத் தூக்கி வாசல் கேட்டைக் காட்டினேன். யோசித்துக் காட்டவில்லை, கை தானாகப் போனது. தயாளன் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். உச்சி வெயில், சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டு மண் காற்றில் பறந்துகொண்டிருந்தது.

"வெயிலா கீதே" என்றார்.

"அம்மா இருவத்தெட்டு வருசம் நின்னா" என்றேன். அதைச் சொல்லும்போதே உடைந்துவிட்டேன். முற்றத்திலேயே உட்கார்ந்து, வாய்விட்டு, லைன் முழுக்கக் கேட்கும்படி அழுதேன். தயாளன் பாத்திரங்களைக் கீழே வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து குந்தினார். "உங்கம்மாவ நெனச்சிக்கினியா?" என்று கேட்டார்.

இல்லை, அப்பாவை என்றேன்.